எந்தக் குளத்துப் பாசி

செம்புலத்தில் காலை எழுந்ததும் எல்லோரும் சுவரைப் பார்த்து இருமுவார்கள். சுவருக்குள் பதித்திருக்கும் செவிப்படலம் அந்த இருமலைக் கேட்டு, நுரையீரலில் செவ்வாயின் தூசு எவ்வளவு படிந்திருக்கிறது என்று கணித்து, ஒரு நிறத்தைக் காட்டும். பச்சை என்றால் காபி குடிக்கப் போகலாம். மஞ்சள் என்றால் ஆடாதோடைக் குளிகை விழுங்க வேண்டும். சிவப்பு வந்துவிட்டால் மருத்துவ வண்டி யாரும் அழைக்காமலே வாசலுக்கு வந்து நிற்கும். இங்கே குழந்தைகள் பல் தேய்க்கும் முன்பே இருமக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்.

அன்று சௌந்தரம் இருமியபோது சுவர் நெடுநேரம் யோசித்தது.

“என்ன நிறம்டீ சொல்லுது?”

“பழுத்த மஞ்சள், அத்தை. இன்னும் கொஞ்சம் போனா சிவப்புதான்,” என்றாள் தமயந்தி.

“இந்தச் சுவத்துக்கு என்னைக் கண்டாலே ஆகாது. உன் புருஷன் இருமினா மட்டும் பச்சையா பல்லைக் காட்டும்.”

தமயந்தி சிரிக்க முயன்றாள். வரவில்லை. மாமியாரின் நுரையீரல் மோசமாகிக்கொண்டிருந்தது. ஆடாதோடைச் சாறு குடம் குடமாக இருந்தது. அதை அடைக்க உறைதான் இல்லை. சாறு வயிற்றில் கொட்டினால் அமிலத்தில் வீணாகிவிடும், குமட்டலும் வரும். குடல்வரை போய்த்தான் அது திறக்க வேண்டும். இதுவரை உறைகள் பூமியிலிருந்து வந்தன. பூமியில் ஏதோ சண்டை, கப்பல் வருவதில்லை. உறைகளில் சாறு நிரப்பும் குடியிருப்பின் உறைக்கூடத்துக்குப் பொறுப்பு தமயந்தி. ஆகவே, எதைக் கொண்டு உறை செய்வது என்ற கேள்வி அவளுடையதாயிற்று.

உருளைக்கிழங்கு மாவில் செய்து பார்த்தாள். இந்த வறண்ட காற்றில் அப்பளம்போல நொறுங்கியது. ஆரஞ்சுத் தோலின் கூழ் நன்றாக உறைந்தது, ஆனால் குடியிருப்பின் மரங்கள் அத்தனை பேருக்கும் தோல் தரப்போவதில்லை. மிஞ்சியவை இரண்டு. ஒன்று, ஈஸ்ட் நுண்ணுயிர்கள் உலோகக் கலத்தில் சுரக்கும் ஜெலட்டின். நொதிக்கூழ் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். விரல்களுக்கிடையில் வளைந்து கொடுத்தது, விரிசல் விடவில்லை. மற்றது, குளத்தில் வளரும் செம்பாசியைக் கொதிக்கவைத்து எடுத்த பாசிக்கூழ். அது முரண்டு பிடித்தது. மாவும் கிளிசரினும் கலந்து கெஞ்சினால்தான் உறையாக நின்றது.

குடியவையில் அவள் நொதிக்கூழைப் பரிந்துரைத்தாள்.

“ஜெலட்டின்னா மாட்டு எலும்பாச்சேம்மா,” என்றார் தலைவர் புகழேந்தி.

“இதுல மாடும் இல்ல எலும்பும் இல்லீங்க. ஈஸ்ட்டு சுரக்குது, அவ்வளவுதான். நீங்க மாட்டைப் பாத்திருக்கீங்களா, தலைவரே?”

“படத்துல பாத்திருக்கேன். அதுக்காக?”

அவையில் சிரிப்பு எழுந்தது. செவ்வாயிலேயே பிறந்து வளர்ந்த அவர்களில் யாருமே ஒரு மிருகத்தை நேரில் கண்டதில்லை; செம்புலத்தில் மிருகம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனாலும் பெயர் பெயர்தான் என்றார் ஒருவர். வீட்டுப் பெரியவர்கள் தொடமாட்டார்கள் என்றார் இன்னொருவர். செடி கொடியிலிருந்து வந்தால் போதும் என்று கைகள் உயர்ந்தன. பாசிக்கூழ் வென்றது.

தமயந்தி உறைக்கூடத்துக்குத் திரும்பும் வழியெல்லாம் அமைதியின்றி நடந்தாள். தோற்றது அவளை உறுத்தவில்லை. அவையில் யாரும் சொல்லாத ஒன்று இருந்தது, அவளும் சொல்லவில்லை. செம்புலத்தில் புதைக்க அனுமதி கிடையாது, கரைக்க ஆறும் கிடையாது. இறந்தவர்களைச் சாம்பலாக்கிக் குளத்தில்தான் கரைக்கிறார்கள். அந்தச் சாம்பலிலுள்ள மணிச்சத்தை உரமாகக் கொண்டுதான் பாசி செழிக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த இரண்டு விஷயங்களை ஒருவர் மனத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமலே ஆயுளைக் கழிக்க முடியும்போலும். நான் ஏன் வைத்தேன் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். சொன்னால் அத்தை குளிகையைத் தொடுவாளா? சொல்லாவிட்டால், அத்தை விழுங்கும்போது அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

முதல் குளிகைகள் தயாரானபோது சுவரின் மஞ்சள் ஏறக்குறைய சிவந்திருந்தது. சௌந்தரம் குளிகையை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

“எதுல செஞ்சே?”

“பாசியில, அத்தை.”

“எந்தப் பாசி?”

“நம்ம குளத்துப் பாசிதான்.”

சௌந்தரத்தின் கை நின்றது. “உங்க மாமாவைக் கரைச்ச குளமா?”

“ஆமா, அத்தை.” பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

சௌந்தரம் அந்தச் சிறு உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பிறகு, தமயந்தி எதிர்பாராத ஒரு கனிவு அந்த முகத்தில் வந்தது. “இருக்கும்போது ஒரு வாய்த் தண்ணி எடுத்துக் குடுத்ததில்ல மனுஷன். இப்பவாவது எனக்கு உதவட்டும்.” குளிகையை வாயருகே கொண்டுபோனவள், சட்டென்று நிறுத்தினாள். “கிழக்குக் குளம்தானே? மேற்குக் குளத்துப் பாசி இதுல கலக்கலையே?”

கிழக்குக் குளம் முதல் கப்பலில் வந்தவர்களின் வம்சத்துடையது. மேற்குக் குளம், பனிச்சுரங்கம் வெட்ட இரண்டாம் கப்பலில் வந்தவர்களின் வம்சத்துடையது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை; வழக்கம் அப்படி ஆகிவிட்டது.

“அறுவடை ரெண்டுலேயும்தான், அத்தை. கலந்துதான் வரும்.”

சௌந்தரம் குளிகையைக் கிண்ணத்தில் திரும்ப வைத்தாள். “அங்க யார் யாரையோ கரைச்சிருப்பாங்க. நான் எப்படிம்மா முழுங்குறது?” சொல்லி முடித்த பிறகே மருமகளின் முகத்தைப் பார்த்தாள். “உன்னைச் சொல்லல. நீ நம்ம வீட்டுப் பொண்ணு.”

தமயந்தியின் தாயை மேற்குக் குளத்தில்தான் கரைத்திருந்தார்கள்.

அதே கேள்வி அந்த வாரத்துக்குள் வீடு வீடாகப் பரவியது. மேற்கிலும் கிழக்குப் பாசி வேண்டாமென்றார்கள், இன்னும் கோபமாக. எங்கள் பிணங்களைச் சாப்பிட அவர்களுக்குக் கசக்கிறதா என்று சுரங்கத்தில் வேலை நின்றது. குளிகைகள் கிண்ணங்களில் கிடக்க, சுவர்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. குடியவை மறுபடியும் கூடியது. கிழக்கு உறைக்கு நீலப்புள்ளி, மேற்கு உறைக்கு வெள்ளைப்புள்ளி என்று தீர்மானித்தது.

“தனித்தனியா காய்ச்சிடும்மா, தீந்துது பிரச்சினை,” என்றார் புகழேந்தி. கூட்டம் கலைந்ததும் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “எங்க வீட்டுக்கு நீலம். மறந்துடாதே.”

இரண்டு குளங்களுக்கும் அடியில் ஒரே குழாய் ஓடுகிறது. ஒன்றில் கரைத்தது சாயங்காலத்துக்குள் மற்றதிலும் இருக்கும். உறைகளுக்குள் இருந்த ஆடாதோடையும் அந்தத் தண்ணீரில்தான் வளர்ந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. தமயந்தி ஒரே பானையில் கூழைக் காய்ச்சினாள். ஒரே அச்சில் வார்த்தாள். பாதிக்கு நீலம், பாதிக்கு வெள்ளை என்று புள்ளி வைத்தாள்.

சௌந்தரம் நீலப்புள்ளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்கினாள். சில நாட்களில் அவள் சுவரில் பச்சை தலைகாட்டியது. “பாத்தியா, உங்க மாமா குணம்!” என்றாள்.

அடுத்த நாள் காலை தமயந்தி இருமியபோது அவளுடைய சுவர் மஞ்சள் காட்டியது. இத்தனை நாள் தூசிலும் கவலையிலும் அலைந்ததற்கு அது வியப்பில்லை. உறைக்கூடத்துக்குப் போய், இன்னும் பிரிக்கப்படாத குளிகைகள் கலந்து கிடந்த தட்டை இழுத்தாள். நீலப்புள்ளி ஒன்று கைக்கு வந்தது. அதை ஓரமாகத் தள்ளினாள். இன்னொரு நீலம். அதையும் தள்ளினாள். விரல்கள் அவசரமாகக் கிளறி, அடியிலிருந்து ஒரு வெள்ளைப்புள்ளியைத் தேடி எடுத்தன.

இரண்டும் ஒரே கூழ் என்று அந்த விரல்களைவிட நன்றாக அறிந்தவர் செம்புலத்தில் வேறு யாரும் இல்லை.