ஆடுவோர் அவை

செவ்வாய்க் கோளின் மூன்றாம் கூடாரத்துப் பள்ளியில் மணி அடிப்பதற்கு முன்பே அன்றைய கபடியில் யார் ஜெயிப்பார்கள் என்று தெரிந்துவிடும். பிள்ளைகளின் தொடையில் பதித்திருந்த தசைச்சில்லைப் பயிற்சிப்பொறி படிக்கும். தகுதியுள்ள பதினான்கு பேரைப் பொறுக்கும். மற்றவர்களைப் படிக்கட்டில் உட்காரச் சொல்லிவிடும். அழுகை, சண்டை, சுளுக்கு எதுவும் கிடையாது.

பொற்கலை டீச்சருக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. பெயர்தான் விளையாட்டு ஆசிரியை. வேலை என்னவோ பொறிக்குத் தூசு தட்டுவது. அவள் பூமியில், அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்தவள். அங்கே பள்ளிக்கூடத்துப் பொட்டலில் உத்தி பிரித்து ஆடியதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கும். இருவர் இருவராகத் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “இடி வேணுமா, மின்னல் வேணுமா?” அணித் தலைவி ஒன்றைச் சொல்வாள், அந்தப் பெயருக்குரியவள் அவள் பக்கம், மற்றவள் எதிரணி. நோஞ்சானுக்கும் ஓர் அணி கிடைத்துவிடும். பெரியவர்கள் யாரும் மேய்க்கவில்லை. சண்டை போட்டதும் பழம் விட்டதும் அவர்களேதான். அந்தப் புழுதியை இனி எந்தக் கோளில் போய்த் தேடுவது என்று ஏங்குவாள்.

அங்கவை என்ற மாணவிக்காகத்தான் அவள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். அங்கவைக்குப் பள்ளியில் இது கடைசி வருடம். சில்லு காட்டும் எண் குறைவு என்பதால் ஒருநாளும் களத்தில் கால் வைத்ததில்லை.

“ஒரே ஒரு தடவ கபடி பாடிப் போகணும் டீச்சர். அவுட்டானாலும் பரவால்ல” என்று அந்தப் பெண் சொன்னபோது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது.

தலைமையாசிரியர் எபநேசர் மசியவில்லை. “பொறி தப்பே பண்றதில்லையேம்மா. ஆட்டத்தப் புள்ளைங்ககிட்ட குடுத்தா குரங்கு கையில பூமாலதான்.”

“தப்புப் பண்ணட்டும் சார். ஆடுறது அவங்க. எப்படி ஆடணும்னு அவங்களே சொல்லட்டுமே.”

பல மாதம் மல்லுக்கட்டியபின் அவர் இறங்கிவந்தார். ஆண்டு விழா ஆட்டத்தைப் பிள்ளைகளே நடத்தலாம் என்று முடிவாயிற்று. ‘ஆடுவோர் அவை’ என்று பெயரும் வைத்தார்கள். உத்தி பிரிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு டீச்சர் ஒதுங்கிக்கொண்டாள். விழா நடத்துவது எப்படி என்று பிள்ளைகள் பூமியின் பழைய காட்சிப்பதிவுகளைப் பார்ப்பதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தும் போனாள்.

விழா நாளன்று ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தவள் திகைத்து நின்றாள். களத்தைவிட மேடை பெரிதாக இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அதன்மேல் நாற்காலிகளில் இருந்தார்கள். நடுவில் அங்கவை, நெஞ்சில் அகலமான பதவிப் பட்டையுடன்.

“நீ எந்தப் பக்கம்டி?”

“நான் அவைத் தலைவி டீச்சர். உத்தி பிரிச்சுத்தான் பதவி குடுத்தோம். இவன் துணைத் தலைவன், அவ வரவேற்புக் குழு, அந்தப் பக்கம் பூராவும் பொன்னாடைக் குழு.”

“அப்ப ஆடுறது யாரு?”

அங்கவை கீழே கைகாட்டினாள். பயிற்சிக்கு வைத்திருந்த இயந்திரப் பொம்மைகள் இருபுறமும் அணிவகுத்து நின்றன.

“பாடிப் போகணும்னு சொன்னியே!”

அவள் களத்தின் நடுக்கோட்டை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பட்டையை நேராக்கிக்கொண்டாள். “கீழ எறங்கி ஆடுனா அப்ப நான் யாருமே இல்லையே டீச்சர்.”

டீச்சர் மேடையை நெருங்கினாள். அத்தனை பேரையும் கீழே இறக்கிவிடுவது என்று ஊதலை வாய்க்குக் கொண்டுபோனாள். அந்நேரம் ஒலிபெருக்கி முழங்கியது.

“ஆடுவோர் அவையின் நிரந்தரப் புரவலர், விளையாட்டுத் தாய் பொற்கலை அவர்களை மேடைக்கு வருமாறு இருகரம் கூப்பி அழைக்கிறோம்!”

கைதட்டல் கூடாரத்தை அதிரவைத்தது. இத்தனை வருட வேலையில் அவள் பெயரை யாரும் மைக்கில் சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் படியேறினாள். பொன்னாடைக் குழு எழுந்து வந்தது. சரிகை மினுங்கியது. வேண்டாம் என்று தடுக்கப்போன கை பாதியில் நின்றது. கழுத்து தானாகக் குனிந்தது. ஊதல் பொன்னாடைக்குள் மறைந்துபோயிற்று.

கீழேயிருந்து பயிற்சிப்பொறி பணிவாகக் கேட்டது: “ஆட்டத்தைத் தொடங்கலாமா, அம்மா?”

மைக்கை வாய்க்கு அருகே இழுத்துக்கொண்டு டீச்சர் சொன்னாள்: “கொஞ்சம் பொறு. நான் இன்னும் பேசவே இல்ல.”