ஊரில் தேனீ இல்லாத வருடம்

"யாரது? அப்படியே நில்லுங்க!"

அவள் நின்றாள். ஒரு கால் தன் வீட்டு மொட்டைமாடியில், இன்னொரு கால் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில். நடுவே இடுப்பளவுச் சுவர். கையில் ஒரு மஞ்சள் பூசணிப்பூ. கையும் களவுமாகப் பிடிபடுவது என்றால் இதுதான்.

"திருட வரல..." என்றாள்.

"அப்போ அந்தப் பூ, தானா வந்து உங்க கையில உக்காந்துச்சா?"

"ஒரே ஒரு பூ. அதுக்கு இவ்வளவு சத்தமா?"

"இன்னைக்குப் பூ, நாளைக்குக் காய். கடையில காய்கறியைப் பார்த்து எத்தனை மாசம் ஆச்சு?"

அதில் பொய்யில்லை. போர் தொடங்கி இரண்டாவது வருடம். காய்கறி லாரிகள் வருவது நின்றதும் ஊரே மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. உடைந்த வாளியில் தக்காளி, பழைய டயரில் கீரை, ஒரு வீட்டில் குளியல் தொட்டியில் உருளைக்கிழங்கு. அவர்கள் எங்கே குளித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அவன் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், தனியாள். அவள் ராணுவத்துக்குச் சட்டை தைக்கும் கூடத்தில் காலர் தைப்பவள். பக்கத்துப் பக்கத்து வீடுதான். அதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

"இது காய்க்கிற பூ இல்லைங்க," என்றாள் தலை குனிந்தபடி. "பாருங்க, கீழே பிஞ்சு இல்ல. இது வந்து..."

"இது வந்து?"

"ஆம்பளப் பூ."

சொல்லிவிட்டுக் காது வரை சிவந்தாள். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"எங்க கொடியில எல்லாமே பொம்பளப் பூ. எண்ணெய்க் கிடங்கு எரிஞ்ச புகையில ஊர்ல ஒரு தேனீ கிடையாது. இதோட தூளை நாமே கொண்டு போய் அதுல தடவினாத்தான் பிஞ்சு நிக்கும். வெயில் ஏறினா பூ மூடிக்கும்... இப்போ விடுங்க, நாளைக்கு வந்து திட்டு வாங்கிக்கிறேன்."

அவன் அவள் கண்களைப் பார்த்தான். தினமும் ஊரார் கண்களைப் பார்த்துப் பிழைப்பவன்தான். எழுத்துப் பலகையைக் காட்டி, 'கடைசி வரி தெரியுதா?' என்று கேட்பதோடு சரி. எந்தக் கண்ணும் அவனைத் திரும்பப் பார்த்ததில்லை. இவை பார்த்தன... மழைக்கு முந்தைய வானம் போலக் கறுத்து, கோபமும் கெஞ்சலுமாக.

"நாளைக்கும் பூ வேணும்ல?" என்றான். "திட்டை அப்புறம் பார்த்துக்கலாம்."

அவர்கள் கொடியில் ஆண் பூ இல்லாததற்குக் காரணம் அவள் அப்பா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். "பிஞ்சோட வர்ற பூ டிக்கெட் எடுத்த பூ. மத்ததெல்லாம் ஓசி. இறங்கு, இறங்கு!" என்று மொட்டிலேயே கிள்ளிவிடுவார். அண்ணி அதை வதக்கி வைப்பாள். ஆண் பூவும் வேண்டும் என்று மகள் சொல்லிப் பார்த்தாள். "என் பஸ்ஸுல ஒருத்தன் ஓசியில போனது கிடையாது, தெரியுமா?" என்பார் அப்பா. அதற்கு மேல் பேச்சு இல்லை.

அண்ணன் போர்முனையில் இருந்தான். அண்ணி மாசமாக இருந்தாள். அந்த வயிற்றுக்காக வைத்த கொடி அது. பிஞ்சுகள் மஞ்சளித்து ஒவ்வொன்றாக உதிர்வதைப் பார்க்க முடியாமல்தான் அவள் சுவர் ஏறினாள்.

பிறகு தினமும் விடியலில் பூ வந்தது, கூடவே பேச்சும் வந்தது. ஒரு நாள் பூ விரிந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அவன் சுவருக்கு இந்தப் பக்கம் கையை நீட்டிக் குடை பிடித்தான். பூவுக்கு.

"நான் நனையறது தெரியலையா?"

"நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க. தூள் நனைஞ்சா போச்சு."

சொன்னவனும் தொப்பலாக நனைந்துகொண்டுதான் இருந்தான். அன்றைக்குத் தையல் கூடத்தில் அவள் இரண்டு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தாள்.

ஒரு காய் நின்றது. தேங்காய் அளவாகி, பானை அளவாகி... அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"பார்த்தீங்களா!" என்றார் தெருக் குழாயடியில், வரிசை முழுக்கக் கேட்கும்படி. "ஓசிப் பூவைக் கிள்ளினா காய் எப்படி நிக்குது! எங்க வீட்டுக்கு எவன் தயவும் தேவையில்ல. கண்ணாடிக்காரத் தம்பி, நீங்களும் கிள்ளிப் பாருங்க."

வரிசையில் அவளும் நின்றாள்; அவன் அவளைப் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தைதான் எதிர்பார்த்தான். அவள் தன் குடத்தைப் பார்த்தாள். அண்ணனிடமிருந்து சேதி வராத அத்தனை மாதத்தில் அன்றுதான் அப்பா சிரித்திருந்தார். அதை உடைக்க அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சுவர்மேல் ஒரு டம்ளர் தண்ணீரில் பூ இருந்தது. அவன் இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அடுத்த வாரமும் அப்படித்தான். கோபத்தை அண்ணியின் வயிற்றில் காட்ட அவனுக்கு மனமில்லை. ரோஷம் அவளோடு மட்டும். வராமல் போன ஆள்மேல் கோபப்படலாம்... பூவை மட்டும் வைத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்வது? அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

காய் முற்றியது. அப்பா அருவாமனை முன் உட்கார்ந்தார்.

"அப்பா, கொஞ்சம் நில்லுங்க. இந்தக் காய்க்கு டிக்கெட் எடுத்தது நீங்க இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். சுவர் ஏறியதை, குடையை, குழாயடியில் வாய் மூடி நின்றதை. அண்ணி சுவரில் சாய்ந்து சிரித்தாள். "எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள்.

அப்பா காயை மடியில் வைத்துத் தடவினார்.

"அப்போ என் பஸ்ஸுல நானே ஓசியில வந்திருக்கேன்," என்றார். சரிபாதியாக வெட்டினார். "போ, இதை அந்தத் தம்பிகிட்ட குடு. நான் சொன்னது தப்புன்னு நானே சொன்னேன்னு சொல்லு."

இரண்டு மாடியிலும் கொடி காய்ந்து சருகாகியிருந்தது. அவன் வெறும் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். அவள் பாதிப் பூசணியைச் சுவர்மேல் வைத்தாள்.

"அப்பா குடுத்தாரு. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"குழாயடியில சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

அவன் கையிலிருந்த மண்ணைத் தட்டினான்.

"ஒண்ணு கேக்கவா? ஒரே ஒரு மொட்டை இலைக்கு அடியில மறைச்சு வச்சிருந்தா போதுமே. உங்க அப்பாவுக்கு நான்தான் கண் பார்த்தேன். அவர் பார்வைக்கு அது தெரிஞ்சிருக்காது. இத்தனை நாள் எதுக்குச் சுவர் ஏறினீங்க?"

அவள் காய்ந்த கொடியைப் பார்த்தாள். பிறகு அவனை.

"மறைச்சு வச்சிருந்தா... சுவர் ஏற வேண்டியிருந்திருக்காதே."

கீழே தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "உங்களுக்கே தெரியட்டும்னு காத்திருந்தேன். ஊர்லதான் தேனீ இல்லையே... நாமளாத்தான் கொண்டு வந்து சேர்க்கணும்."

அவன் பாதிப் பூசணியைத் தூக்கினான். அவள் பக்கமே திருப்பி வைத்தான்.

"வேண்டாமா?" அவள் கண் கலங்கிவிட்டது.

"உங்க வீட்டுலயே சேர்த்துச் சமைங்க. சாயங்காலம் சாப்பிட வரேன். உங்க அப்பாகிட்ட டிக்கெட் கேட்கணும்... எனக்கு ஓசியில ஏறிப் பழக்கம் இல்ல."

அவள் பூசணியை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினாள். பாதியில் நின்று திரும்பினாள்.

"சுவர் ஏறி வராதீங்க. வாசல் வழியா வாங்க... ஓடுற பஸ்ஸுல தொத்துறவங்களை அப்பாவுக்குப் பிடிக்காது."