கூரை முட்டிய கள்ளி

ஞாயிற்றுக்கிழமைதான் அக்கேயோ கூடத்துத் தொட்டியிலிருந்த பால்கள்ளியின் தலையை ஒரு முழம் வெட்டியிருந்தாள். பால் நிற்கும்வரை தண்ணீர் தெளித்து, வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பல் அப்பினாள். செவ்வாய் மத்தியானம் பார்த்தால், அதே சாம்பல் பூசிய வெட்டு மறுபடி கூரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. புதுத் துளிர் ஒன்றுகூட இல்லை. நுனி வளரவே இல்லை, சனியன். தண்டு அப்படியே முழுசாக மேலே ஏறியிருந்தது.

வெளியே கிசுமு நகரத்தின் தகரக் கூரைகள்மேல் மழை கொட்டியது. ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தும் கூடத்துக்குள் ஏரிச் சேற்றின் நாற்றம், அழுகிய ஆகாயத்தாமரைத் தண்டு நாற்றம், தொட்டிப் பக்கம் போகப் போகக் கூடியது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் புருஷன் ஒயூகி படகோடு ஏரியில் மூழ்கிப் போனான். உடம்பு கிடைக்கவில்லை. கிடைக்காதவனுக்குப் பதிலாக, நீளமாகத் தொங்கும் யாகோ மரத்துக் காயைச் சொந்த ஊர் மண்ணில் புதைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கொழுந்தன் ஊக்கோ கொண்டுவந்து வைத்த காயை அவள் ஒளித்துவிட்டாள். ஊரில் புதைத்தால் அவன் செத்தவனாகிவிடுவான். வீட்டுத் தொட்டியில் புதைத்தால் ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. ஊக்கோ, சொட்டச் சொட்ட.

"அண்ணி, காய் எங்க?"

"கள்ளித் தொட்டியில."

படியைத் தாண்ட எடுத்த காலை அவன் பின்னால் வைத்தான். "வீட்டுக்குள்ளயா புதைச்சீங்க? அடிப்பாவி!"

"உங்க அண்ணன் சாகல, ஊக்கோ. வருவாரு."

"மூணு மாசமா நீந்திக்கிட்டிருக்காரா? கிறுக்கு புடிச்சிருக்கு உங்களுக்கு. தோண்டி எடுங்க. நான் கீழ நிக்கிறேன், உள்ள வரமாட்டேன்."

அவன் போய்விட்டான். பயந்தாங்கொள்ளி. அவளுக்கும் பயம்தான். காயை எடுக்க வேண்டுமென்றால் முதலில் கள்ளியை அடியோடு சாய்க்க வேண்டும். பால் தெறித்தால் கண் போய்விடும். முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மண்ணை ஒட்டி ரம்பத்தை வைத்தாள்.

வழவழவென்று இறங்கியது.

நின்றது.

வேரா? ஓங்கி இழுத்தாள். நறுக். இன்னும் ஒரு தடவை. நறுக்.

செடி விழவில்லை. கையில் பிசுபிசுப்பு. பால் இவ்வளவு சூடாகவா இருக்கும்?

கண்ணைத் திறந்தாள்.

தண்டு முழுசாக அறுந்திருந்தது. ஆனாலும் நேராக நின்றது. மண்ணுக்குள்ளிருந்து வந்த ஒரு கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. தரையில் இரண்டு விரல்கள். ஒன்றில் அவள் ஒயூகிக்குப் போட்ட கல்யாண மோதிரம்.

விரல்கள் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து ரத்தம் கொட்டியது. சிவப்பாக. சூடாக. உயிருள்ளவனின் ரத்தம்.

மிச்சமிருந்த மூன்று விரல்களும் கள்ளியை இன்னும் மேலே தள்ளிக்கொண்டிருந்தன.