தங்கச்சி கையெழுத்து

"இன்னிக்கு ரிஜிஸ்டர் வேணாங்க..."

இட்லித் தட்டை இறக்கிக்கொண்டேதான் கண்ணகி சொன்னாள். கூடத்தில் தலை சீவிக்கொண்டிருந்த கணவன் அருணகிரியின் கை அப்படியே நின்றது. மஞ்சள் பையில் வெற்றிலை பாக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்த மாமியார் ராஜம் சட்டென்று திரும்பினாள்.

"இன்னாடி சொன்ன? முகூர்த்த நாளு... பதினோரு மணிக்கு டோக்கன் வாங்கி வெச்சிகினு, இப்ப வேணாங்கறியா!"

"வாரிசு சர்டிபிகேட்ட தரகர் நேத்து சாயங்காலம்தான் குடுத்தாரு அத்த. இப்பத்தான் படிச்சேன். அதுல ரெண்டு பேரு கீது. துரைண்ணன், அவரு தங்கச்சி தமிழ்ச்செல்வி. நம்ம பத்திரத்துல விக்கிறவருன்னு துரைண்ணன் பேரு மட்டும்தான் எழுதிக்கீறாங்க."

"அந்தப் பொண்ணத்தான் படாளத்துல கட்டிக் குடுத்துட்டாங்களே!"

"கட்டிக் குடுத்தா பங்கு பூடுமா அத்த? வூடு அவங்க அப்பா சம்பாரிச்சது. உயில் எழுதாம பூட்டாரு. ரெண்டு பேருக்கும் சமம்தான்."

அருணகிரி குறுக்கிட்டான். "வில்லங்கம் போட்டுப் பாத்தோமே. முப்பது வருசத்துக்கு ஒண்ணும் இல்லன்னு நீதானே சொன்ன?"

"ரிஜிஸ்டர் ஆனதுதாங்க வில்லங்கத்துல வரும். பொறந்த பங்கு அதுல வராது."

பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் கண்ணகிக்கு ஆறு வருட வேலை. திருக்கழுக்குன்றத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் பத்திரங்களெல்லாம் அவள் கை வழியாகத்தான் போய் வந்தன. வாங்கும்போது சிரித்துக்கொண்டு வந்தவர்கள், நாலைந்து வருடம் கழித்துக் கோர்ட்டுக் காகிதத்தோடு அதே கடையில் வந்து நிற்பதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

ராஜத்தின் குரல் உயர்ந்தது.

"எனக்குத் தெரியும்டி! செங்கல்பட்டுல உங்கம்மா தெருவுல வாங்கணும்னு உனக்கு ஆசை. அதான் இதக் கலைக்கிற. ஊர்க்காணிய வித்து என் புள்ள வாங்கறான்... உனக்கு இன்னா போச்சு!"

கண்ணகிக்குக் கண் நிறைந்தது. அருணகிரி ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் மறுபடியும் சீப்பைத் தலையில் வைத்துக்கொண்டான். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸை எந்த நெரிசலிலும் நிதானமாக ஓட்டுகிறவன், அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மட்டும் எப்போதும் பிரேக் போட்டுவிடுவான்.

அந்த வீட்டுக்கு அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யார்? ஒன்பது வருடமாக இந்த வாடகை வீட்டுக் கூடத்தில், எல்லோரும் படுத்த பிறகு பாய் விரித்து, எல்லோரும் எழுவதற்கு முன் சுருட்டியவள் அவள். துரையின் வீட்டுச் சமையலறை ஜன்னலில் மலைக்கோயில் கோபுரம் தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து மனத்துக்குள் அங்கேதான் சமைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் காகிதத்தைப் படிக்காத மாதிரி மடித்து வைத்துவிடலாமா என்று, இட்லி வேகும் நேரத்தில் அவளும் யோசிக்காமல் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"ஆபீசுக்கு வரேன் அத்த," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அங்கயே வெச்சி துரைண்ணனைக் கேக்கறேன். பதில் சரியா இருந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அலுவலக வாசலில் புங்கமர நிழலில் துரை வெள்ளை வேட்டியோடு நின்றிருந்தார். பக்கத்தில் தரகர் கண்ணாயிரம்.

"வாம்மா, வாம்மா! பத்திரம் ரெடி," என்றார் கண்ணாயிரம்.

"துரைண்ணே, உங்க தங்கச்சி வரலியா?"

துரையின் முகம் மாறியது. கண்ணாயிரம் முந்திக்கொண்டார். "அதெல்லாம் எதுக்கும்மா? பட்டாவே துரை பேருக்கு மாத்தியாச்சு. பேஜாரு பண்ணாத. கல்பாக்கத்துல வேற பார்ட்டி ரெடியாக் கீறாங்க, தெரியும்ல?"

"பட்டா மாறிட்டா பங்கு மாறிடாதுண்ணே. நாளைக்கு அவங்க கோர்ட்டுக்குப் போனா, நாங்கதான் அலையணும்."

துரை சிரிக்கப் பார்த்தார். "அது எங்க கோர்ட்டுக்குப் போவப்போவுதும்மா! நகை, பாத்திரம், சீரு எல்லாம் செஞ்சாச்சு. தீபாவளிக்குத் தீபாவளி பொடவை எடுத்துக் குடுக்கறேன். பொம்பளப் புள்ளைக்கு அதுதானே பங்கு?"

கண்ணகி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மஞ்சள் பை கீழே விழுந்த சத்தம் கேட்டது. வெற்றிலை மண்ணில் சிதறியது.

"இன்னா சொன்ன?" என்றாள் ராஜம். "திருப்பிச் சொல்லு?"

"இல்ல ஆயா, சீரு..."

"எங்கண்ணனும் இதேதான் சொன்னான். வார்த்தை மாறாம இதேதான்! பொடவையைக் கையில குடுத்து, 'அதான் உன் பங்கு'ன்னான். நானும் தலையாட்டிகினு வந்துட்டேன்... அன்னிக்கு என் பக்கத்துல நின்னு ஒரு வார்த்தை கேக்க நாதியில்ல..." அவள் துரையை நோக்கி விரலை நீட்டினாள். "போன் போடு உன் தங்கச்சிக்கு. நான் பேசறேன். ஒத்தையா கையெழுத்துப் போட்டின்னா என் புள்ள இந்த வூட்டத் தொட மாட்டான்!"

"டோக்கன் பூடும்மா!" என்று அலறினார் கண்ணாயிரம்.

"போவட்டும்யா!" என்றான் அருணகிரி.

கண்ணகி அவனைத் திரும்பிப் பார்த்தாள். காதுவரை சிவந்திருந்தான். "நான் காலையிலயே சொல்லியிருக்கணும்," என்று முணுமுணுத்தான்.

மதியத்துக்குள் படாளத்திலிருந்து தமிழ்ச்செல்வி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். வயல் வேலையில் கறுத்த முகம். கையில் ஆதார் அட்டை.

"வூடு விக்கறதே எனக்கு அந்த ஆயா சொல்லித்தான் தெரியும்ணே..." என்றாள் அண்ணனிடம். அவள் அழவில்லை. அதனாலேயே துரையால் தலை நிமிர முடியவில்லை. "கையெழுத்துப் போடறேன். என் பங்கையும் வாங்கிக்கறேன். ரெண்டுலயும் வெக்கப்பட ஒண்ணும் இல்லியே?"

"ஒண்ணும் இல்லடி கண்ணு!" என்று ராஜம் சிரித்தேவிட்டாள்.

துரை வேட்டி நுனியைத் திருகினார். பிறகு, "சாப்பிட்டியா செல்வி?" என்று கேட்டார். அண்ணனும் தங்கையும் எதிரே இருந்த மெஸ்ஸுக்கு நடந்தார்கள்.

ராஜம் மருமகளின் தோளைப் பிடித்தாள். "காலையில வாய்க்கு வந்தத பேசிட்டேன்... நீ அழுததப் பாத்தும் பேசினேன்..."

"வுடுங்க அத்த..."

"வுட மாட்டேன்!" ராஜம் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, பத்திரம் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.

பத்து நாள் கழித்து, அண்ணன் தங்கை இருவர் பேரும் எழுதிய பத்திரம் பதிவானது.

அதற்கு மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில் நல்ல கூட்டம். கண்ணகி நிமிராமல் காகிதம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது யாரு? இன்னா வேணும்?"

"வில்லங்கம் போடணும்."

தெரிந்த குரல். நிமிர்ந்தால், நல்ல புடவை கட்டிக்கொண்டு, வரிசையில் தன் முறைக்குக் காத்திருந்து, ராஜம் நின்றாள்.

"அத்த! வூட்லயே சொல்லியிருக்கலாமே..."

"வூட்ல சொன்னா மாமியா கேக்கறா மாதிரி இருக்கும். எங்கப்பா வூட்டுக்குத்தான் வில்லங்கம். அண்ணன் இன்னும் அங்கதான் குடித்தனமா கீறான். கேட்டுத்தான் பாப்போமே... நீ வருவ இல்ல என் கூட?"

"வராம?" கண்ணகி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கண் கலங்கி எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. "மதுராந்தகம் தானே? சர்வே நம்பர் வேணும் அத்த. பழைய காகிதம் ஏதாச்சும் கீதா?"

"காகிதம் இன்னாத்துக்கு?" ராஜம் நேராக நின்றாள். "எரநூத்தி பதினாலு பார் மூணு. எழுதிக்கோ."

நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாத எண்ணை, அவள் ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொன்னாள்.