கல்லுக்குள் நத்தை

1911 டிசம்பர் பதினொன்றாம் தேதி காலையில் ஏரலில் மழை விட்டது. விட்டதும் பள்ளிக்கூட வாசலில் சிரிப்பு தொடங்கியது.

வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெயர்க்கல் பதித்திருந்தார்கள். பதித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ‘தாணுமாலையன் பிள்ளை உபயம்’ என்று அதில் வெட்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புது ஓடு போட்டுக் கொடுத்தவர் அவர். கல்லின் மேல் பூசியிருந்த சுண்ணாம்பையும் அதற்கு அடியில் ஒட்டிக் காய்ந்திருந்த மண்ணையும் மழை கழுவிவிட்டிருந்தது.

எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நத்தை இருந்தது.

உயிருள்ள நத்தை இல்லை. கல் நத்தை. கட்டைவிரல் அளவு. முதுகில் சுருள் சுருளாக வரி.

ஊரிலேயே மெதுவாக நடப்பவர் தாணுமாலையன் பிள்ளை. கனத்த உடம்பு. அவர் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார் என்று ஆள் வந்து சொன்னால், அதற்குப் பிறகு ஒரு பாடம் நடத்தி முடித்துவிடலாம். பிள்ளைகள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதில் விழாமல் சொல்லும் பெயர். அதுதான் இப்போது கல்லில் உட்கார்ந்திருந்தது.

வாத்தியார் ஞானசம்பந்தன் வந்தார். பார்த்தார். சிரிப்பு நின்றது.

“யாருலே இது?”

சட்டாம்பிள்ளை ஐயம்பெருமாள் மட்டும் கையைத் தூக்கினான்.

“ஐயா, இங்கன உளி பிடிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான்.”

எல்லாத் தலைகளும் கொம்பையா பக்கம் திரும்பின. அந்தக் கல்லில் எழுத்து வெட்டியவர் அவனுடைய அப்பா கருத்தையா.

“நான் இல்லய்யா” என்றான் கொம்பையா.

“கையை நீட்டு.”

கடைசி வரிசையில் ஜமீலா எழுந்து நின்றாள். கருப்பட்டிக் கடை அகமது மீரானின் மகள். ஒன்பது வயது.

“ஐயா, அவன் கொத்துனதை நீங்க பார்த்தியளா?”

“என்னது?”

“பார்த்தியளான்னு கேட்டேன்.”

“உன்னை யாரு கேட்டா? உட்காருட்டி.”

ஜமீலா உட்காரவில்லை. பிரம்பு இறங்கியது. கொம்பையா இல்லை என்றான். மறுபடியும் இறங்கியது. மறுபடியும் இல்லை என்றான். அப்புறம் அவன் குரல் உடைந்தது.

“நான்தான்யா.”

பிரம்பு நின்றது.

“பார்த்தியா?” வாத்தியார் ஜமீலாவிடம் பிரம்பைக் காட்டினார். “உண்மை எங்கன இருந்து வருது, பார்த்தியா?”

பிறகு அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “நாளைக்கு டெல்லியில, சீமையில இருந்து வந்த ராசாவுக்கு முடிசூட்டு. இங்கன மிட்டாய் உண்டு. பிள்ளைவாள் வாராக. அவுக முன்னால கொம்பையா பேரை அடிச்சிருவேன். இனிமே அவன் இந்த வாசலை மிதிக்கப்படாது.”

*

பள்ளிக்கூடம் விட்டதும் கொம்பையா வாய்க்கால் தண்ணீரில் உள்ளங்கையை நனைத்துக்கொண்டு இருந்தான்.

“ஏலே, நீயா கொத்துன?” என்றாள் ஜமீலா.

“இல்ல.”

“பெறகு ஏன் நான்தான்னு சொன்ன?”

“சொன்னதும் அடி நின்னுச்சு, பார்க்கலியா?”

ஜமீலாவுக்கு அவன்மேல்கூடக் கோபம் வந்தது. “அறிவிருக்கா ஒனக்கு?”

“அறிவு இருக்கு. கைதான் வலிக்கு.”

அவள் ஒரு மண்கட்டியை எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள். கோபம் போகவில்லை. இன்னொன்று எறிந்தாள்.

“எங்க அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது” என்றான் கொம்பையா. “யாராவது கல்லுல எழுதிக் குடுப்பாக. அவுக அதும்மேலயே வெட்டுவாக. ஒரு தடவை கல்லைத் தலைகீழாப் பதிச்சுட்டாக. ஊரே சிரிச்சுது. அதான் என்னைப் படிக்கச் சொன்னாக.”

“இனிமே?”

“இனிமே ரெண்டு பேரும் தலைகீழாப் பதிக்க வேண்டியதுதான்.”

ஜமீலா சிரிக்கவில்லை.

சாயங்காலம் கருத்தையா கல்லைப் பார்க்க வந்தார். பிள்ளைகள் இருவரும் கூட நின்றார்கள். அவர் எப்போதும் மேற்கே இருந்து வரும் கருங்கல்லில் வேலை செய்பவர். இந்தப் பழுப்புக் கல் அவருக்குப் புதிது. கருங்கல் வந்து சேரும்வரை தாணுமாலையன் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. நடைதான் மெதுவே தவிர அவருக்கு எல்லாம் உடனே நடக்க வேண்டும். அதனால் ஆற்றுக்குத் தெற்கே, சாத்தான்குளத்துப் பக்கம் தோண்டிய கல்லை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

கருத்தையா குனிந்து நத்தையைத் தடவினார். வரிகளை எண்ணுகிறவர் போல விரலை ஓட்டினார். மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“லே, நல்லா கொத்தியிருக்க. எனக்கே இப்படி வராது.”

“மாமா!” ஜமீலா தரையை உதைத்தாள். “அவன் கொத்தலை!”

“பெறகு யாரு தாயி கொத்துனா? கல்லுல ஒரு உருவம் இருந்தா உளி பட்டிருக்கணும்லா?”

அவளும் குனிந்து பார்த்தாள். நத்தையின் வால்முனை வெளியே இல்லை. அது கல்லுக்குள் போயிருந்தது. கொத்துகிறவன் வாலை எதற்கு உள்ளே விட வேண்டும்?

*

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் ஜமீலா கடையில் இருந்தாள். வாப்பா அகமது மீரான் தொழுகைக்குப் போயிருந்தார். ஓர் அம்மாள் கருப்பட்டி வாங்க வந்தார். வாங்கியதை அங்கேயே உடைத்துப் பார்த்தார்.

“ஏ பிள்ள, இது என்னது?”

உடைந்த கருப்பட்டிக்குள் ஒரு கட்டெறும்பு இருந்தது. ஆறு காலும் முழுசாக.

“எறும்பைப் பொதிஞ்சு வச்சா விக்குதிய?”

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த கோபம் ஜமீலாவுக்கு வாயில் வந்தது. “நாங்க எப்படிப் பொதிய முடியும்? கட்டியா இருக்கிற கருப்பட்டிக்குள்ள எறும்பை யாராலயும் வைக்க முடியுமா? காய்ச்சிச் சிரட்டையில ஊத்தும்போது அது விழுந்திருக்கும். பாகு காஞ்சு இறுகிப்போச்சு. அது உள்ளேயே…”

அவள் பேச்சை நிறுத்தினாள்.

“உள்ளேயே?” என்றார் அந்த அம்மாள்.

“உள்ளேயே இருந்துட்டு” என்றாள் ஜமீலா மெதுவாக. “அம்மா, அந்தக் கருப்பட்டியைக் குடுங்க. உங்களுக்கு வேற தாரேன். பெரிசாவே தாரேன்.”

வாப்பா வந்தபோது அவள் எறும்புக் கருப்பட்டியை ஓலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“யாருக்கு மகளே?”

“வாத்தியாருக்கு.”

“மிட்டாய் அவுகதானே குடுப்பாக?”

“இது திங்கதுக்கு இல்ல, வாப்பா.”

*

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மிட்டாய்த் தட்டின் மேல் துணி மூடியிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். தாணுமாலையன் பிள்ளை வந்துகொண்டே இருந்தார். பிறகு வந்து சேர்ந்தார்.

கருத்தையாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். கொம்பையா அவர் பக்கத்தில் தலை குனிந்து நின்றான்.

பிள்ளை பெயர்க்கல்லைப் பார்த்தார்.

“என் பேருக்குப் பக்கத்துல நத்தை எதுக்குவே?”

வாத்தியார் இருமினார். “ஏதோ விளையாட்டுப் பய, பிள்ளைவாள்.”

“விளையாட்டுன்னா மயில் கொத்தலாம். யானை கொத்தலாம். நத்தை எதுக்குங்கேன்?”

தட்டின் மேல் இருந்த துணியை எல்லோரும் உற்றுப் பார்த்தார்கள்.

ஜமீலா ஓலைப் பொட்டலத்தோடு முன்னால் வந்தாள்.

“அதை யாரும் கொத்தலை. அது உள்ளேயே இருந்துச்சு.”

“ஏட்டி, போய் உட்காரு!” என்றார் வாத்தியார்.

அவள் பிள்ளையின் முன்னால் பொட்டலத்தைப் பிரித்தாள். “இந்த எறும்பை யாரு கொத்துனா?”

பிள்ளை குனிந்து பார்த்தார். “கருப்பட்டியில எறும்பா? அது பாகுல விழுந்திருக்கும்.”

“அதேமாதிரிதான் நத்தையும்.”

வாத்தியார் சிரித்தார். அவர் சிரித்ததால் வகுப்பும் சிரித்தது. “கல்லு என்ன கருப்பட்டியா? யாராவது அடுப்புல வச்சுக் காய்ச்சினாகளா?”

“அது எனக்குத் தெரியாது. ஆனா ஒரு காலத்துல இளக்கமா இருந்திருக்கணும். இல்லன்னா நத்தை எப்படி உள்ள போகும்?” அவள் சுவரோரம் கையைக் காட்டினாள். பெயர்க்கல்லைச் சதுரமாக்கியபோது வெட்டி எறிந்த துண்டுகள் அங்கே கிடந்தன. “அதெல்லாம் அதே கல்லுதான். உடைச்சுப் பாருங்க. உள்ள ஒண்ணும் இல்லன்னா அவனோட சேர்த்து என் பேரையும் அடிச்சிருங்க.”

“ஏட்டி!” என்றான் கொம்பையா. “சும்மா இரு!”

“நீ சும்மா இருந்தது போதும்லே.”

பிள்ளை கைத்தடியை நீட்டி ஒரு துண்டைக் காட்டினார். ஐயம்பெருமாள் அதை நாலு பக்கமும் புரட்டிப் பார்த்தான். வெளியே ஒரு கீறலும் இல்லை என்றான். கருத்தையா அதன்மேல் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டார். கல் இரண்டாகப் பிளந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் பழுப்புக் கல்.

“முடிஞ்சுதா?” என்றார் வாத்தியார். “ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க.”

ஜமீலாவின் கண் கலங்கியது. ஆனாலும் அவள் நகரவில்லை. “எல்லாக் கருப்பட்டியிலயுமா எறும்பு இருக்கும்? இன்னொண்ணு உடைங்க.”

“பைய, பைய” என்றார் பிள்ளை. வாத்தியாரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். “அவசரப்படாதீரும்வே. நான் காட்டுனது சின்னக் கல்லு.” நடந்து போய், எல்லாவற்றிலும் பெரிய துண்டைத் தடியால் தட்டினார். “இது.”

ஐயம்பெருமாள் மறுபடி புரட்டினான். கருத்தையா மறுபடி உளியை வைத்தார். சுத்தியல் விழுந்தது.

கல் பிளந்தது. பிள்ளைகள் முண்டியடித்து வந்தார்கள்.

உள்ளே நத்தை இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நத்தை, பாதி உடைந்தது. ஓர் ஓரத்தில் விசிறி மாதிரி வரி வரியாக, இரண்டு ஓடும் மூடிய ஒரு மட்டிச் சிப்பி.

“ஐயா!” ஐயம்பெருமாள் தன் பதவியை மறந்து கத்தினான். “இது மட்டி! திருச்செந்தூர் கடல்ல கிடக்கும்! நானே பொறுக்கியிருக்கேன்!”

“காயல்பட்டினத்துலயும் கிடக்கும்” என்றாள் ஜமீலா. “அப்போ இது ஆத்து நத்தை இல்ல. கடல் நத்தை.”

“சாத்தான்குளத்துல ஏதுவே கடல்?” என்றார் பிள்ளை.

“இப்போ இல்ல. அது சேறா இருந்தப்போ இருந்திருக்கும்.”

“எப்போ? எங்க பாட்டன் காலத்துல அங்க கடல் இருந்ததாச் சொன்னதில்லயே.”

“ராசாக்கள் காலத்துலயும் இருந்ததாப் படிச்சதில்ல” என்றார் வாத்தியார். அவர் குரல் இறங்கியிருந்தது.

“கருப்பட்டி இறுக ஒரு பொழுது ஆகும்” என்றாள் ஜமீலா. “கல்லு இறுக எவ்வளவு காலம் ஆகும்?”

கணக்கில் புலியான வாத்தியார் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார். பாதியில் விட்டுவிட்டார். கருத்தையா பிளந்த கல்லைக் கையில் எடுத்து, ஊதி, தூசியைத் துடைத்தார். அவர் பிறந்த நாள் முதல் கல்லோடு இருப்பவர். இப்போது அதை, தூங்கும் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார்.

“உங்க பேருக்குப் பக்கத்துல நத்தை வரலை” என்று ஜமீலா பிள்ளையிடம் சொன்னாள். “நத்தைதான் முதல்ல வந்துச்சு. உங்க பேருதான் அதுக்குப் பக்கத்துல வந்துச்சு.”

பிள்ளை மறுபடி பெயர்க்கல்லைப் பார்த்தார். அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பிள்ளைகள் பயந்தார்கள். அவர் சிரித்தார்.

“கிடக்கட்டும்வே, கிடக்கட்டும். எனக்கும் முந்தி வந்து காத்திருக்கு. என்னைவிட மெதுவா ஒருத்தன் இருக்கான்னு ஊருக்குத் தெரியட்டும்.”

தாங்கள் வைத்த பெயர் அவருக்குத் தெரியும் என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். “சரி, சரி. கொம்பையா, போய் உன் இடத்துல உட்காரு. ஐயம்பெருமாள், மிட்டாயைக் குடு. எல்லாரும் வரிசையா நில்லுங்க.”

எல்லோரும் ஓடினார்கள். ஐயம்பெருமாள் கொம்பையாவின் கண்ணைப் பார்க்காமல் அவனுக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தான். கொம்பையா அவற்றை இடது கையால் வாங்கப் போனான்.

“வலது கையால வாங்குலே” என்றார் வாத்தியார்.

ஜமீலா வரிசையில் நிற்கவில்லை. அவள் கொம்பையாவின் வலது கையைப் பிடித்து, மூடியிருந்த விரல்களைப் பிரித்து, வாத்தியாரின் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையில் சிவப்புத் தடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன.

“ஐயா, இது யாரு கொத்துனது?”