சுவருக்கு முன்னால் அப்பா

என் அப்பா ஓஸ்மானிக்குச் சுவர் என்றால் பயம். வேறு யாருக்காவது இப்படி இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அப்பா எங்கள் மத்தான்சாஸ் ஊர் அணியின் பேஸ்பால் ஆட்டக்காரர். மைதானத்தின் கடைக்கோடியில், சுவருக்கு முன்னால் நின்று, எதிரணி தூக்கி அடிக்கிற பந்தைப் பிடிப்பதுதான் அவர் வேலை.

போன மாதம் வானத்தைப் பார்த்தபடி ஓடியவர், சிமென்ட் சுவரில் தலை மோத விழுந்தார். பக்கத்தில் ஆடியவர் "சுவர், சுவர்" என்று கத்தித்தான் பார்த்தாராம். ரசிகர்கள் அடித்த மேளத்தில் அது அப்பா காதில் விழவில்லை. அவர் அசையாமல் கிடந்ததை நான் பார்த்தேன். இன்னும் கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

காயம் ஆறிவிட்டது. பயம் போகவில்லை. இப்போதெல்லாம் பந்து உயரப் போனால் அப்பா பாதியில் சுவரைப் பார்க்கிறார். அதற்குள் பந்து விழுந்துவிடுகிறது.

"நாளைக்கு ஒரு பந்து விட்டாலும் என்னை அணியை விட்டு எடுத்துடுவாங்க, ஒடாலிஸ்," என்று அம்மாவிடம் சொன்னார். தட்டில் கறுப்பு பீன்ஸ் சோறு தொடாமலே இருந்தது.

"எடுத்தா எடுக்கட்டும். முழுசா வீட்டுக்கு வந்தா போதும்," என்றாள் அம்மா.

எனக்கோ, அப்பா விளையாடினாலும் பயம், விளையாடாவிட்டாலும் பயம்.

மறுநாள் காலை நாங்கள் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடினோம். எப்போதும் ஒருவர் முனையில் காவல் நின்று, வண்டி வந்தால் "வண்டி" என்று கத்துவோம். அந்தத் தைரியத்தில்தான் மற்றவர்கள் பின்னால் பார்க்காமல் ஓடுவார்கள். அன்று காவல் என் முறை. கத்திக்கொண்டிருக்கும்போதே யோசனை வந்தது. ஆட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, இன்னைக்கு நான் சுவருக்கு மேல இருக்கற வரிசையில உக்காந்துக்கறேன். நீங்க பந்தை மட்டும் பாருங்க. சுவர் கிட்ட வந்தா 'வண்டி'ன்னு கத்தறேன்."

"மைதானத்துல எங்கடி வண்டி வரும்?"

"அதனாலதான் சொல்றேன். வேற யாரும் அப்படிக் கத்த மாட்டாங்க. உங்க தலைக்கு மேலயே இருப்பேன், மேளத்துலயும் கேக்கும்."

அப்பா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். "தப்பாக் கத்திட மாட்டியே, யாமிலே?"

அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது.

உச்சி வெயிலில் ஆட்டம். மேளம் காதைப் பிளந்தது. கடைசிச் சுற்றில் நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம். இன்னும் ஒருவரை அவுட்டாக்கினால் வெற்றி. ஆனால் முதல் பேஸில் எதிரணிக்காரன் ஒருவன் நின்றான். அவன் சுற்றி ஓடி, அடிக்கிறவர் நிற்கும் இடமான ஹோமைத் தொட்டால் சமம்.

டக் என்று ஒரு அடி. பந்து நேராக என் பக்கம் வந்தது.

தோளுக்கு மேலாகப் பந்தையே பார்த்தபடி அப்பா ஓடி வந்தார். சுவரைப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நம்பிவிட்டார் என்னை.

இன்னும் கொஞ்சம் ஓடினால் பந்து. இன்னும் கொஞ்சம் ஓடினால் சுவர். கத்தினால் பந்து போகும், அப்பாவின் இடமும் போகும். கத்தாவிட்டால்?

"வண்டி! வண்டி!"

என் பக்கத்தில் மேளம் அடித்தவர் பதறிப்போய் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா சட்டென்று நின்றார். பந்து அவர் தலைக்கு மேலே சுவரில் மோதியது. கூட்டம் தலையில் கைவைத்தது. எல்லாவற்றையும் நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அப்பா விழவில்லை. சுவரில் பட்டுத் திரும்பிய பந்து நேராக அவர் கைக்கு வந்தது. வேகமாக வீசினார். நடுவில் நின்றவர் அதை வாங்கி ஹோமுக்கு வீசினார். முதல் பேஸிலிருந்து ஓடியவன் சறுக்கிக்கொண்டு வந்தபோது பந்து அங்கே அவனுக்காகக் காத்திருந்தது. அவுட்.

ஜெயித்த சந்தோஷத்தில் எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, அப்பா நின்ற இடத்திலேயே சுவர் பக்கம் மெதுவாகக் கையை நீட்டினார். கை முழுதாக நீளும் முன்பே சுவர் தட்டியது. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பந்தைப் பிடிச்சிருக்கலாம்ப்பா. நான்தான் கத்திட்டேன்," என்றேன்.

"பிடிச்சிருக்கலாம்," என்றார். "அப்புறம் ஆஸ்பத்திரியில வச்சுத்தான் உன்கிட்டப் பேசியிருப்பேன்."

பயிற்சியாளர் நாளைக்கும் வரச் சொல்லிவிட்டு அவர் முதுகில் தட்டிப் போனார். அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நீயும் வந்துடு. எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்ப்பா," என்றேன். சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.