கொஞ்சம் நெட்டு உடறீங்களா, அம்மிணி?

பள்ளிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, இருபக்கமும் தறிகள் இரைந்துகொண்டிருந்த சந்துக்குள் கம்ப்யூட்டர் பெட்டியோடு நடந்தபோது தமிழினிக்குப் பயம் ஒன்றும் இல்லை. கணவன் பூபதி ரிக் லாரியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போடப் போயிருந்தான். தனியாக இருந்த மாமனார் கைலாசத்துக்குத் துணையாக இருந்துகொண்டு, சென்னைக் கம்பெனி வேலையை அங்கிருந்தே பார்ப்பதாக ஏற்பாடு.

பழைய வீடு. சுவர்கள் அத்தனை கனம். நடுப்பகலிலும் உள்ளே விளக்குப் போட வேண்டும். ஈரச் சுண்ணாம்பும் தைலமும் கலந்த ஒரு வாசனை. போனில் டவர் துளியும் எடுக்காது. கேபிள்காரர் இழுத்துவிட்ட இணைய ஒயர் கூடத்துக் கம்ப்யூட்டரோடு நின்றுவிட்டது. அதில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால்தான் உள்ளறையில் படுத்திருக்கும் கைலாசத்தின் போனுக்கு நெட் போகும். மகன் முகத்தை அவர் பார்க்க முடியும்.

வந்த புதிதில் அவளே போட்டுக் கொடுத்தாள். பிறகு நெட் பங்கு போனதில், மீட்டிங்குகளில் அவள் முகம் திரையில் உறைந்து நின்றது. குரல் வெட்டி வெட்டிப் போனது. மேலாளர் சலித்துக்கொண்டார். ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டாள்.

“ஏனுங்க அம்மிணி,” என்று உள்ளறையிலிருந்து கைலாசம் தயங்கித் தயங்கிக் கேட்பார். “கொஞ்சம் நெட்டு உடறீங்களா?”

“மீட்டிங்குங்க மாமா. அப்புறம் உடறேனுங்க.”

“சரிங்க, சரிங்க. வேலையப் பாருங்க.”

அந்த வெள்ளிக்கிழமை மதியமும் அப்படித்தான் கேட்டார். குரலில் மூச்சு வாங்கியது. “அப்புறமுங்க மாமா” என்றாள். மீட்டிங் முடிந்தது. அதன் பிறகும் அவள் போடவில்லை. போட்டால் போனில் உரக்கப் பேச ஆரம்பித்துவிடுவார்; காதுக்குக் கொஞ்சம் அமைதி வேண்டியிருந்தது. காலை நீட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் சேலைகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காபியோடு உள்ளே போனபோது, கைலாசம் கட்டிலில் சுவரோடு சாய்ந்தபடி இறந்திருந்தார். மடியில் போன். அதில் மகனுக்குப் பேசிய குரல் செய்தி ஒன்று போகாமல் நின்றிருந்தது.

அவள் அலறவில்லை. பின்னாளில் அதை நினைத்தால்தான் உடம்பு கூசும். கூடத்துக்கு ஓடி, முதல் வேலையாக ஹாட்ஸ்பாட்டைப் போட்டாள். காலையிலிருந்தே போட்டிருந்ததுபோல் இருக்கட்டும் என்று.

உள்ளறையில், இறந்தவர் மடியில், செய்தி போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டது.

ஊர் வந்து சேர்ந்த பூபதி அதை எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். “நெஞ்சு ஒரு மாதிரி பண்ணுது சாமி. அம்மிணிகிட்டச் சொல்லல. வேலையா இருக்குது, பாவம். தங்கமான புள்ள.”

“கடைசி மூச்சுலயும் உன்னையத்தான் சொல்லிட்டுப் போயிருக்காரு” என்று அழுதான். வந்திருந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தமிழினியால் தலை நிமிர முடியவில்லை. அதையும் துக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்ததும், அப்பாவின் போனையும் எடுத்துக்கொண்டு பூபதி ரிக்குக்குத் திரும்பினான்.

அதன்பின் ஒரு மதியம். சாப்பாட்டு நேரம் என்று தறிகள் ஓய்ந்திருந்தன. கம்ப்யூட்டரில் ஹாட்ஸ்பாட் குறி தானாக எரிந்தது. ஒரு போன் சேர்ந்திருப்பதாகக் காட்டியது. பெயர், ‘அப்பா’. மாமனாரின் போனுக்குப் பூபதி வைத்திருந்த பெயர்.

அந்தப் போன் சத்தீஸ்கரில் அல்லவா இருக்கிறது?

அணைத்தாள்.

மறுபடி எரிந்தது.

இணைய ஒயரையே பிடுங்கினாள்.

தைல வாசனை மெல்லக் கூடத்துக்கு வந்தது. உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டது. யாரோ சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தார்கள்.

“ஏனுங்க அம்மிணி...”

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

“வேலை முடிஞ்சுதுங்களா?”

அந்தக் குரலில் கோபம் துளியும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் ஓடிப்போய்க் காலில் விழுந்திருப்பாள். “தெரியாமப் பண்ணிட்டனுங்க மாமா” என்று சொல்ல வாயெடுத்தாள். தெரிந்துதான் செய்தாள் என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியுமே.

“சரிங்க, சரிங்க. அப்புறமே உடுங்க.”

அன்றைக்கே வீட்டைப் பூட்டினாள். தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று மட்டும் பூபதியிடம் சொன்னாள். காரணத்தைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். “அப்பாவ நெனச்சு நெனச்சு நீ ஒடைஞ்சு போயிட்ட” என்று அவன் தேற்றினான். அதற்கும் தலைகுனிந்தாள்.

சேலத்தில் மாடியில் புது வீடு. நாலு பக்கமும் வெளிச்சம், எந்த மூலையிலும் டவர். நாட்கள் சத்தமில்லாமல் போயின. வாசனை இல்லை, குரல் இல்லை. அவள் மறக்கக்கூடத் தொடங்கியிருந்தாள்.

ஒரு காலை மீட்டிங்கில் மேலாளர் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்.

“தமிழினி, உங்க பின்னாடி கதவோரமா ஒரு பெரியவர் ரொம்ப நேரமா நிக்கறாரு. ஏதோ கேக்கணும்போல இருக்கு.”

அவளால் திரும்ப முடியவில்லை.

“பாவம், என்னன்னு கேட்டுட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்.”